கிரீம் வாங்காமல் குழைவான காய்கறி சூப்: செட்டிநாட்டு அடுப்படிக்கான கேள்வி பதில்

செட்டிநாட்டுப் பக்கம் சூப் என்றால் இன்றும் பலருக்கு ஆட்டுக்கால் சூப்தான். காய்கறி சூப் ஓட்டலில் குடிக்கிற பண்டமாகவே இருந்துவிட்டது. வீட்டில் வைத்தால் ஒன்று தண்ணீராக நிற்கிறது, இல்லாவிட்டால் சோள மாவுக் கஞ்சியாகப் போகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: குழைவைக் கடைசியில் வெளியிலிருந்து சேர்க்கப் பார்க்கிறோம். மண்டி என்கிற புளிப்புக் குழம்புக்கு அரிசி கழுவிய தண்ணீர், குருமாவுக்கு முந்திரியும் கசகசாவும், கூட்டுக்குப் பாசிப்பருப்பு என்று நம் சமையலிலேயே குழைவுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. அதை வைத்தே கீழே உள்ள அளவுகள் தரப்பட்டுள்ளன. தேக்கரண்டி என்பது 5 மி.லி., மேசைக்கரண்டி என்பது 15 மி.லி.

நான்கு பேருக்கு என்னென்ன, எவ்வளவு வேண்டும்?

தோல், விதை நீக்கிய பழுத்த பரங்கிக்காய் 300 கிராம், காரட் 100 கிராம், உருளைக்கிழங்கு சின்னதாக ஒன்று (75 கிராம்), உரித்த சின்ன வெங்காயம் 100 கிராம், பூண்டு 4 பல், பாசிப்பருப்பு 2 மேசைக்கரண்டி, முந்திரி 10, தண்ணீர் 700 மி.லி., நெய் அல்லது வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, தூள் உப்பு ஒன்றேகால் தேக்கரண்டி.

வாசனைக்குச் சோம்பு அரைத் தேக்கரண்டி, பட்டை அரை அங்குலம், கல்பாசி நகக்கண் அளவு. கடைசியில் புதிதாக இடித்த மிளகு அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு அரைத் தேக்கரண்டி. இந்த அளவில் நாலு கும்பா நிறைய வரும். சோற்றுக்கு முன்னால் கொஞ்சமாகக் குடிப்பதானால் ஆறு பேருக்குக் காணும்.

செய்முறையை வரிசையாகச் சொல்லுங்கள்.

முந்திரியை வெந்நீரில் 20 நிமிடம் ஊறப் போடுங்கள். பாசிப்பருப்பை வெறும் சட்டியில் மணம் வரும் வரை, நிறம் மாறாமல், இரண்டு மூன்று நிமிடம் வறுத்துக் கழுவி வையுங்கள். சோம்பு, பட்டை, கல்பாசி மூன்றையும் சின்ன வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

குக்கரில் நெய்யைச் சூடாக்கி, வெங்காயம், பூண்டைச் சிறு தீயில் ஆறேழு நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல ஆக வேண்டும், சிவக்கக் கூடாது. அடுத்து காரட், பரங்கிக்காயைப் போட்டு மூன்று நிமிடம் பிரட்டுங்கள். பருப்பு, உருளைக்கிழங்கு, துணி முடிச்சு, 600 மி.லி. தண்ணீர், பாதி உப்பு சேர்த்து மூடி, நடுத்தரத் தீயில் நாலு விசில். ஆவி தானாக அடங்கட்டும். காரட்டை மற்றக் காய்களைவிடச் சின்னதாக நறுக்கினால்தான் எல்லாம் ஒன்றாக வேகும்.

திறந்ததும் முடிச்சை எடுத்து, சாறு சட்டிக்குள்ளேயே விழும்படி கரண்டியால் அழுத்திப் பிழிந்துவிடுங்கள். உருளைக்கிழங்கைப் பொறுக்கித் தனியே எடுத்து மத்தால் மசித்து வையுங்கள். மீதியைச் சாறு வேறு, காய் வேறாக வடித்து, கால் மணி நேரம் ஆறவிடுங்கள்.

அரைக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. சாறோடு சேர்த்து அரைத்தால் துண்டுகள் பிளேடுக்கு அகப்படாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வெந்த காயை மட்டும், அரைக் கரண்டி சாறு விட்டு, இரண்டு நிமிடம் நன்றாக அரைத்த பிறகு மீதிச் சாற்றைக் கலக்க வேண்டும். முந்திரியையும் சட்னி ஜாரில் தனியாக, மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு வெண்ணெயாக அரையுங்கள். பெரிய ஜாரில் காயோடு போட்டால் முந்திரி மட்டும் நொய்யாகவே நிற்கும்.

அரைத்ததை வடிகட்டி, மசித்த உருளைக்கிழங்கு, மீதி உப்பு, தேவைக்கேற்ப மீதித் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். முந்திரி விழுதைக் கரைத்து ஊற்றி இன்னும் இரண்டு நிமிடம். இறக்கி மிளகு, எலுமிச்சைச் சாறு. கரண்டியின் பின்புறத்தில் சூப் படிந்து, விரலால் கோடு இழுத்தால் அந்தக் கோடு அப்படியே நின்றால் பதம் சரி.

குழைவுக்கு எதைச் சேர்ப்பது நல்லது: பருப்பா, முந்திரியா, தேங்காய்ப்பாலா, பாலா?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். பாசிப்பருப்பு உடம்பு கொடுக்கும். விலை குறைவு, வயிற்றுக்கும் இதம், ஆனால் பளபளப்பு வராது. முந்திரி நாக்கில் வழுக்குகிற வழவழப்பைத் தரும், புளிப்போடு சேர்ந்தாலும் திரியாது. தேங்காய்ப்பால் மணமும் இனிப்பும் தரும். பரங்கிக்காய்க்கும் காரட்டுக்கும் அருமையாகப் பொருந்தும், காளான், காலிஃபிளவருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அந்த இரண்டுக்கும் பாலும் வெண்ணெயும்தான் சரி.

அதிகம் பேர் மறந்துபோனது அரிசி கழுவிய தண்ணீர். முதல் தடவை கழுவியதைக் கொட்டிவிட்டு, இரண்டாவது தடவை நன்றாகப் பிசைந்து கழுவிய தண்ணீரை, மேலே சொன்ன 700 மி.லி.க்குப் பதிலாக ஊற்றுங்கள். மண்டிக்குக் கிடைக்கிற அதே மெல்லிய கெட்டி, செலவில்லாமல் சூப்புக்கும் கிடைக்கும். அப்போது உருளைக்கிழங்கையே விட்டுவிடலாம்.

கசகசா சேர்ப்பவர்கள் ஒரு தேக்கரண்டிக்கு மேல் போக வேண்டாம். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து முந்திரியோடு அரைத்தால்தான் மசியும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குச் செய்முறையோடு கசகசாவும் கட்டி அனுப்புகிற வழக்கம் நம் ஊரில் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் அதற்குத் தடை இருக்கிறது, அங்கே போகிற பெட்டியில் வைக்காதீர்கள்.

ஒரு சட்டிக்கு இரண்டு பொருளுக்கு மேல் வேண்டாம். பருப்பு, முந்திரி, தேங்காய்ப்பால், பால் எல்லாம் விழுந்தால் அது குருமா, காயின் ருசி உள்ளே புதைந்துவிடும்.

சோள மாவே கூடாதா?

கூடாது என்றில்லை. காய்த் துண்டுகள் மிதக்கிற தெளிவான சூப்புக்கு அது பொருந்தும். அரைத்த சூப்புக்குத் தேவையில்லை. போட்டே ஆக வேண்டுமானால் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கிற சூப்பில் கிளறிக்கொண்டே ஊற்றி, அதன் பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் கொதிக்க விட வேண்டும். கொதிக்காவிட்டால் மாவு வாடை நிற்கும். சூடான தண்ணீரில் கரைத்தால் கட்டி தட்டும்.

எந்தெந்தக் காய் அரைக்க ஏற்றது?

பரங்கிக்காய், காரட், சுரைக்காய், சௌசௌ, காலிஃபிளவர், பச்சைப் பட்டாணி நன்றாக மசியும். பீர்க்கங்காயை இளசாக எடுத்துத் தோல் சீவிப் போடலாம். பீன்ஸ், அவரை, முட்டைக்கோஸ் நார் தட்டும். அவற்றைப் பொடியாக நறுக்கித் தனியே வேகவைத்து, அரைத்த சூப்பில் மிதக்க விடுவது அழகு. வெண்டைக்காய் மண்டிக்குத்தான், இங்கே வழவழத்துப் போகும். முள்ளங்கியும் முட்டைக்கோஸும் கூடினால் வாடை மேலோங்கும்.

சுரைக்காய், பீர்க்கங்காய், பரங்கிக்காய் எதுவானாலும் நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக்காயையும் தூக்கிப் போடுங்கள். அந்தக் கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டாசின் வேகவைத்தாலும் போகாது. கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் உள்ளே ரத்தக் கசிவு வரை கொண்டுபோய்விடும். காசு கொடுத்து வாங்கிய காய் என்று பார்க்கக் கூடாத இடம் இது.

செட்டிநாட்டு மசாலாவை அரைத்துப் போட்டால் இன்னும் மணக்குமே?

மணக்கும், ஆனால் சூப் கெடும். கல்பாசி பாறையிலும் மரத்திலும் படர்கிற லைக்கன், பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வளர்வது. அரைத்தால் கருப்புப் பொடியாக விழுந்து, மஞ்சள் நிற சூப்பைச் சாம்பல் நிறமாக்கும், நாக்கில் நறநறக்கும். மராட்டி மொக்கும் அப்படியே. வறுத்த கோழிக் குழம்பில் இந்த நறநறப்பு தெரியாது, குழைவான சூப்பில் முதல் வாயிலேயே தெரியும். அதனால்தான் துணி முடிச்சு. முடிச்சை அரைப்பதற்கு முன் எடுக்க மறந்தால் நூலும் துணியும் ஜாருக்குள் போகும், எண்ணிப் பார்த்து எடுங்கள்.

அன்னாசிப்பூ ஒரு இதழ் போதும். கிராம்பு வேண்டவே வேண்டாம், பரங்கிக்காயின் இனிப்போடு சேர்ந்து பல்பொடி வாடை அடிக்கும். காரத்துக்கு வரமிளகாயைவிட மிளகே மேல்.

அரைத்த சூப் பசை போல இழுக்கிறது. ஏன்?

உருளைக்கிழங்கை மிக்ஸியில் அரைத்திருப்பீர்கள். வேகமாகச் சுற்றும் பிளேடு வெந்த கிழங்கின் மாவுச்சத்தை உடைத்து வெளியே விடும், அது தண்ணீரோடு சேர்ந்து இழுபடும். மத்தால் மசித்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை கிடையாது. ஏற்கெனவே இழுபட்டுவிட்டதா? நூறு நூறு மி.லி.யாக வெந்நீர் சேர்த்துக் கிளறி, வேகவைத்து அரைத்த காரட்டையோ பரங்கிக்காயையோ கூட்டுங்கள். ஓரளவு சரியாகும், முழுக்க மாறாது.

மிக்ஸியே வேண்டாம் என்பவர்கள் கீரை கடைகிற மண்சட்டியும் மத்தும் எடுக்கலாம். பரங்கிக்காயும் பாசிப்பருப்பும் குழைய வெந்திருந்தால் பத்து நிமிடக் கடைசலில் வழவழவென்று வந்துவிடும். கொஞ்சம் திப்பி நிற்கும், அதற்கென்று ஒரு ருசி உண்டு.

சூடாக அரைத்தபோது மிக்ஸி மூடி எகிறி எல்லாம் தெறித்தது.

மூடிய ஜாருக்குள் சூடான சாறு கலங்கும்போது ஆவி சட்டென்று பெருகி மூடியைத் தள்ளும். கை வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆறிய பிறகே அரையுங்கள். ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். மூடியின் நடுவில் சின்ன அடைப்பு இருந்தால் அதைக் கழற்றி, மேலே மடித்த துணியை வைத்து அழுத்திக்கொண்டு, முதலில் விட்டு விட்டு ஓட்டுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

பால் ஊற்றியதும் திரிந்துவிட்டது.

புளிப்பும் கொதியும் சேர்ந்தால் பாலில் உள்ள புரதம் கட்டிக்கொள்ளும். தக்காளியோ எலுமிச்சையோ உள்ள சூப்பில் பாலை விட்டுக் கொதிக்க வைத்தால் திரிவது உறுதி. தக்காளி சூப்புக்கு முந்திரியே பாதுகாப்பு. பால்தான் வேண்டும் என்றால் புளிப்பில்லாத காய்களை வைத்துச் செய்து, அடுப்பை அணைத்த பிறகு, காய்ச்சிய சூடான பாலை மெதுவாக ஊற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை நேரே ஊற்றாதீர்கள்.

காளான், காலிஃபிளவருக்கு இன்னொரு வழி: வெண்ணெய் 2 மேசைக்கரண்டியில் மைதா 2 மேசைக்கரண்டியைச் சிறு தீயில், நிறம் மாறாமல், இரண்டு நிமிடம் வறுத்து, அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிளறுங்கள். மாவோடு கட்டுண்ட பால் எளிதில் திரியாது. முதல் அரைக் கப் பாலை ஊற்றியதும் விடாமல் தேய்த்துக் கிளற வேண்டும். கட்டி தட்டுவது அந்த நேரத்தில்தான்.

தேங்காய்ப்பால் பிரிந்து எண்ணெய் மிதக்கிறது.

முதல் பாலைக் கொதிக்க விட்டதால் வந்தது. ஒரு மூடித் தேங்காய்த் துருவலை 100 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்துப் பிழிந்தால் சூப்புக்கு வேண்டிய முதல் பால் கிடைக்கும். அதே சக்கையில் எடுக்கிற இரண்டாம் பாலைத் தண்ணீருக்குப் பதிலாகக் காய் வேகவே ஊற்றலாம். முதல் பாலை அடுப்பை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துச் சேருங்கள். அடிப்படை அளவில் இருக்கிற முந்திரியை அப்போது விட்டுவிடுங்கள். பிரிந்ததைக் குடித்தால் தீங்கு எதுவும் இல்லை, ஆறவைத்து மறுபடி ஒரு சுற்று அரைத்தால் ஓரளவு கூடிவரும்.

நாலு விசில் வைத்தும் பருப்பு வேகவில்லை.

போர் தண்ணீரைப் பாருங்கள். சுண்ணாம்புச் சத்து கூடிய கடினத் தண்ணீரில் பருப்பும் காயின் சதையும் இறுகும், எத்தனை விசில் விட்டாலும் நொய்யாகவே நிற்கும். குடிக்கிற தண்ணீரிலேயே சூப் வையுங்கள். பருப்பை அரை மணி நேரம் ஊறவைப்பதும் உதவும். தக்காளியோ புளியோ முதலிலேயே விழுந்தாலும் காய் வேக மறுக்கும். புளிப்பு எப்போதும் வெந்த பிறகே.

பச்சை வாடை அடிக்கிறது, சில சமயம் லேசாகக் கசக்கிறது.

பச்சை வாடைக்கு வெங்காயம் போதிய நேரம் வதங்காததுதான் காரணம். ஆறேழு நிமிடம் என்பதை இரண்டாகக் குறைக்காதீர்கள். கசப்புக்குக் கருகிய பூண்டு அல்லது கூடுதலான கல்பாசி. பூண்டு கருகிவிட்டால் அந்த வதக்கலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல், அந்தக் கசப்பை எதுவும் மறைக்காது.

கீரை சேர்த்தால் நிறம் கெட்டுவிடுகிறதே?

மூடி வைத்து நெடுநேரம் வேகவைத்தால் கீரை பழுப்பேறும். பாலக்கோ சிறுகீரையோ கொதிக்கிற தண்ணீரில் திறந்தபடி இரண்டு நிமிடம் போட்டு, எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் அமிழ்த்தி, தனியாக அரைத்துக் கடைசியில் சேருங்கள். எலுமிச்சை பிழிய வேண்டாம், பரிமாறும்போது அவரவர் பிழிந்துகொள்ளட்டும். காரட்டோடு கீரையை அரைத்தால் சேற்று நிறம்தான் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பீட்ரூட் ஒரு துண்டு போனாலும் எல்லாம் அதன் நிறமாகிவிடும்.

பிள்ளைகள் வாயில் வைக்கவே மாட்டேன் என்கிறார்கள்.

பெரும்பாலும் மிளகுதான் தடை. இறக்கியதும் பிள்ளைகளுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதிக்கு மிளகு போடுங்கள். பரங்கிக்காயின் இனிப்பு அவர்களுக்குப் பிடிக்கும். வடிகட்டாமல் விட்டால் ஒரு சிறு நாரைக் கண்டதும் கும்பாவைத் தள்ளிவிடுவார்கள், அதனால் அவர்கள் பங்கையாவது கட்டாயம் வடிகட்டுங்கள். மேலே உடைத்த தேன்குழலைத் தூவிக் கொடுத்தால் அதைத் தேடியே குடித்து முடிப்பார்கள்.

ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு உப்பும் மசாலா முடிச்சும் போடுவதற்கு முன் வேறாக எடுத்து வேகவையுங்கள். முந்திரி ஒவ்வாத பிள்ளை வீட்டில் இருந்தால், அல்லது விருந்துக்கு வரும் பிள்ளைகளைப் பற்றித் தெரியாவிட்டால், முந்திரியை விட்டுப் பருப்பை மூன்று மேசைக்கரண்டியாக்குங்கள்.

சூப்போடு என்ன வைக்கலாம்?

ரொட்டித் துண்டுக்குத் தேன்குழல் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. மாலையில் மசாலா சீயம், காலையில் வெள்ளைப் பணியாரம். இரண்டுமே எண்ணெயில் பொரிவதால், அன்றைக்குச் சூப்பில் நெய்யைப் பாதியாகக் குறைத்து, தேங்காய்ப்பாலைத் தவிர்த்துவிடுங்கள்.

அமாவாசை, விரத நாளில் வெங்காயம் பூண்டு இல்லாமல் வருமா?

வரும். நெய்யில் ஒரு சிட்டிகை பெருங்காயம், ஒரு தேக்கரண்டி துருவிய இஞ்சி, அரைத் தேக்கரண்டி சீரகம். வெங்காயத்தின் எடைக்குச் சௌசௌவைக் கூட்டுங்கள். கல்பாசியை அன்று விட்டுவிடலாம்.

உப்பு கூடிவிட்டால்?

உருளைக்கிழங்கைப் போட்டு எடுத்தால் உப்பை உறிஞ்சிவிடும் என்பதை நம்பாதீர்கள். உப்பில்லாமல் வேகவைத்து அரைத்த காயையும் தண்ணீரையும் கூட்டி அளவைப் பெருக்குவதுதான் வழி. உப்பைப் பாதி பாதியாகப் போடச் சொல்வது இதற்காகத்தான். சூப் வற்ற வற்ற உப்பு ஏறும்.

வீட்டு விசேஷத்துக்கு 20 பேருக்கு வைக்க வேண்டும்.

காய், பருப்பு, முந்திரியை ஐந்து மடங்காக்குங்கள். தண்ணீர் மூன்று லிட்டரில் தொடங்குங்கள், பெரிய அண்டாவில் வற்றுவது குறைவு. உப்பை நாலு மடங்காகப் போட்டு ருசி பார்த்துக் கூட்டுங்கள். மசாலா முடிச்சு மூன்று மடங்குக்கு மேல் வேண்டாம், நேரம் கூடக்கூட மணம் தானாக இறங்கும். வெங்காயத்தை இரண்டு தடவையாக வதக்குங்கள், ஒரேயடியாகக் குவித்தால் வதங்காமல் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பந்திக்குக் காத்திருக்கும்போது சூப் இறுகும், பக்கத்தில் ஒரு சட்டி வெந்நீர் தயாராக இருக்கட்டும். அடி பிடிக்காமல் சிறு தீயில் அடிக்கடி கிளற ஒருவரை நிறுத்துங்கள். அடி பிடித்துவிட்டால் சுரண்டாமல், மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

எத்தனை நாள் வைக்கலாம்?

நம் ஊர் வெயிலில் மேடைமேல் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள். பெரிய பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி நெடுநேரம் சூடாகவே இருந்து கெடும், ஆழம் குறைந்த பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். முந்திரி, பருப்பு சூப் இரண்டு நாள் தாங்கும். தேங்காய்ப்பால் சேர்த்ததை அன்றே முடித்துவிடுங்கள். முன்கூட்டியே செய்கிறவர்கள் காயை அரைத்த நிலையில் எடுத்து வைத்து, வேண்டிய அளவைச் சூடாக்கித் தேங்காய்ப்பாலோ பாலோ அப்போது சேர்ப்பது நல்லது. ஃபிரீசரில் வைப்பதானால் உருளைக்கிழங்கு சேர்க்காமல் வையுங்கள், உறைந்து இளகிய கிழங்கு மணல் மணலாகப் பிரியும்.

மறுபடி சூடாக்கும்போது ஓரம் மட்டும் குமிழ் விட்டால் போதாது, நடுவிலும் கொதி வர வேண்டும். பால் விட்ட சூப்பை மட்டும் கொதிக்குச் சற்று முன்னால், ஆவி நன்றாகப் பறக்கும்போது இறக்குங்கள். எடுத்துச் சூடாக்கியதில் மிச்சம் நின்றால் திரும்ப ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம்.